திருக்கோயில் மேளமும் ஒத்துக்காரர் இருக்கையும்

(கும்பாபிஷேகத்தை முன்னிட்டுத் திருப்பணிக் குழுவினரும் அன்பர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கும்பாபிஷேக நாள் அணித்தாக வந்துவிட்டது. யாகசாலையில் எத்தனை குண்டம், எத்தனை காலப் பூசை, கலசங்களுக்குப் பொன்முலாம் எவ்வளவு, அன்னம்பாலிப்புக்கு அரிசி எவ்வளவு என்பன பற்றியெல்லாம் இங்கே நெடுநேரம் ஆராய்ந்தோம். மேளத்தைப் பற்றிய பேச்சு வந்தபொழுது, “நல்ல மேளமாக ஒன்று பார்த்து அமர்த்திவிடலாம்” என்னும் ஒரே சொல்லில் அது முடிந்துவிட்டது. அந்தச் சொல்லை ஒட்டி எழுந்த சில எண்ணங்களையே இன்று உங்கள் முன் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகின்றேன். நல்ல மேளம் எங்கிருந்து வருகின்றது? அதில் அமர்ந்திருப்பவர்கள் யார்? அவர்கள் எந்த வீட்டில் பிறந்து, எவரிடம் பயின்று, எந்த ஒலியைக் கேட்டு வளர்ந்து நம் சந்நிதிக்கு வந்து சேர்ந்தார்கள்? கல்லுக்கும் சுதைக்கும் நாம் கேட்கின்ற கேள்விகளை இவர்களைக் குறித்தும் கேட்பது முறையே.

முறையாக அமைந்த பெரிய மேளத்தில் நாகசுரம் வாசிப்போர் இருவர், தவில் வாசிப்போர் இருவர், ஒத்து ஊதுபவர் ஒருவர், தாளம் போடுபவர் ஒருவர் என அறுவர் இருப்பர். சதிருக்குரிய குழுவைச் சின்ன மேளம் என்று வழங்கியமையால் இதற்குப் பெரிய மேளம் என்று பெயராயிற்று. நாகசுரம் என்பது சரியா, நாதசுரம் என்பது சரியா என்று புலவரிடையே நெடுநாளாக வழக்கு ஒன்று உண்டு. இரண்டிற்கும் சான்று காட்டுவோர் இருக்கின்றனர். கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் திருக்கோயிலில் கல்லால் அமைந்த நாகசுரம் ஒன்றிருப்பதை உங்களில் பலர் கண்டிருக்கக்கூடும். அதனைச் சாட்சிக்கு அழைத்தாலும் இவ்வழக்குத் தீராது. அடியேன் நாகசுரம் என்றே சொல்லிக்கொண்டு போகின்றேன்.

இக்கருவியின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான், இதனை வாசிப்பவருடைய கல்வி எத்தகையது என்பது விளங்கும். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து இதனைச் செய்கின்றனர். அவ்வூர் நாகசுரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. உடலில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7. கீழே பிரம்மசுரம் எனப்படும் துளைகள் 5. மேலே செருகும் சீவாளி, காவிரிக் கரையில் விளையும் நாணலிலிருந்து செய்யப்படுவது. வீணைக்கு மெட்டுகள் உண்டு. ஆர்மோனியத்துக்குக் கட்டைகள் உண்டு. விரலை உரிய இடத்தில் வைத்தால் அவற்றில் சுரம் பிறந்துவிடும். நாகசுரத்திலோ, ஒரே துளையில் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் சுரம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஆகவே, சுரம் முதலில் வாசிப்பவருடைய செவியில் நிற்க வேண்டும். பிறகுதான் அது குழலில் பிறக்கும். ஒருவர் எதைக் கேட்டு வளர்ந்தாரோ, அதுவே அவர் வாசிப்பு. நாகசுரக்காரரின் பாட்டன் யார், குரு யார், இளமையில் அவர் எந்த ஊர் வீதியில் நின்று யார் வாசிப்பைக் கேட்டார் என்று பெரியவர்கள் விசாரிப்பது வீண் பெருமைக்காக அன்று என்பது இதனால் விளங்கும்.

நம் கொங்கு நாட்டு மேளக்காரர் எதைக் கேட்டு வளர்ந்தார்? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோழநாட்டில் இசைவேளாளர் குடும்பங்கள் கோயிலைச் சுற்றி வாழ்ந்து இக்கலையை வளர்த்தன. கொங்கு நாட்டிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் மருத்துவர் குலத்தார் பலர் இத்தொண்டைச் செய்து வந்தனர். கொங்கு வேளாளர் திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமையும் அவர்களுக்கே உண்டு. மணப்பந்தலில் குடிமகனார் எழுந்து நின்று, இடையிடையே மத்தளம் முழங்க, அந்நெடும் பாட்டைப் பாடி முடிக்கும்வரை பெரிய தனக்காரரும் வாய்திறவாது இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அத்தகைய வீட்டில் பிறந்த சிறுவன் ஆலாபனை என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே, சொல் எங்கே நிற்க வேண்டும், கொட்டு எங்கே விழ வேண்டும் என்பதைத் தந்தையின் குரலிலிருந்து அறிந்துகொள்கின்றான்.

வீட்டிற்கு வெளியே வந்தால் ஊர்த் திருவிழா. மாரியம்மன் நோன்பு சாட்டியது முதல் பறையும் துடும்பும் உருமியும் பம்பையும் கொம்பும் முழங்கும். அவற்றை முழக்கியவர்களில் பலர் கோயில் வாயிலுக்கு வெளியிலேயே நிற்க வைக்கப்பட்டார்கள் என்பது மறைக்கத்தக்க செய்தி அன்று. அவர்கள் வெளியே நின்றாலும் அவர்களுடைய ஒலி மதிலைத் தாண்டி உள்ளே வந்தது. தவில் பயிலும் பிள்ளையின் செவியிலும் விழுந்தது. இரவில் உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் வரலாற்றை இரவிரவாகக் கேட்ட செவி, ஒரே நடையை நெடுநேரம் தளராமல் நிறுத்துவது எப்படி என்பதை அறியும். 1960களின் நடுவில் காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ச்சி செய்த பிரெண்டா பெக் அம்மையார் அக்கதையை முழுவதும் ஒலிப்பதிவு செய்து உலகறியச் செய்தார். அயல்நாட்டார் வந்து பதிவு செய்யும்வரை நாம் அதனைப் பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தோம்.

இவையெல்லாம் நம் மண்ணின் ஒலிகள். ஆனால், இராகம் என்றும் பல்லவி என்றும் மல்லாரி என்றும் நாம் கோயிலில் கேட்பவை காவிரியின் கீழ்க்கரையிலிருந்து வந்தவை. பவானியையும் ஈரோட்டையும் கொடுமுடியையும் கருவூரையும் தொட்டுக்கொண்டு காவிரியின் நீர் தஞ்சைக்குப் போயிற்று. தஞ்சையின் இசை அதே கரை வழியாக எதிர் ஏறி நம்மிடம் வந்தது. தைப்பூசத்திற்கும் தேருக்கும் சோழநாட்டு மேளங்களை அழைப்பதும், உள்ளூர் மேளக்காரர் ஒதுங்கி நின்று கேட்பதும், கேட்டதை மறுநாள் விடியலில் தாம் வாசித்துப் பார்ப்பதும் வழக்கமாக இருந்தன. பிள்ளையைச் சோழநாட்டிற்கே அனுப்பிக் குருகுலவாசம் செய்ய வைத்த குடும்பங்களும் உண்டு.

அங்கேயும் வழி ஒன்றாக இல்லை. திருவீழிமிழலைச் சகோதரர்கள் கீர்த்தனையைச் சாகித்தியம் சிதையாமல், பாடுவது போலவே வாசித்துப் பெயர் பெற்றனர். செம்பனார்கோயில் பரம்பரையார் ரக்தி மேளத்திற்கும் மல்லாரிக்கும் புகழ்பெற்றவர்கள்; அங்கே தவிலும் நாகசுரமும் சம நிலையில் நின்று கணக்கில் விளையாடும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களோ இராக ஆலாபனையையே பெருங்கடலாக விரித்தவர். கொங்கு நாட்டு நாகசுரக்காரர் ஒருவரின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டால், இம்மூன்றில் எந்த ஊற்று அவருக்குள் பாய்ந்திருக்கின்றது என்பதை அறிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இராஜரத்தினம் பிள்ளையவர்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அப்பெருமகனார் தாய்மாமனான திருமருகல் நடேச பிள்ளையவர்களின் அரவணைப்பில் வளர்ந்தவர். முதலில் அவர் பயின்றது வாய்ப்பாட்டு. நாகசுரம் பின்னர்தான் வந்தது. அவருடைய தோடியைக் கேட்கும்போது குழலுக்குள்ளே ஒருவர் பாடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே என்று அடியேன் எண்ணுகின்றேன். உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் குட்டையான திமிரிக்கு மாறாக, தாழ்ந்த சுருதியில் கனத்து ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தை அவர் கையாண்டார். அதனைச் செம்மைப்படுத்தியதில் நரசிங்கன்பேட்டை அரங்கநாத ஆசாரியாருக்குப் பெரும் பங்கு உண்டு. மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே வாசிக்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டென்றால் தமக்கும் உண்டு என்று வாதாடிப் பெற்றார்.

இசைக்குரிய மரியாதை என்பது கொங்கு நாட்டிலும் பழைய வழக்குத்தான். கருவூர்ப் பசுபதீசுவரர் திருக்கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் வழங்கிய உரிமைகளைக் கூறுகின்றது. அவர்களுடைய நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அவ்வுரிமைகள். வீட்டு விசேடத்தில் சங்கு ஊதுவதற்கே அரசனிடம் ஆணை பெற வேண்டியிருந்தது என்பதை இன்று படிக்கையில் நெஞ்சம் கலங்குகின்றது. செருப்போடும் சுவரோடும் சேர்த்து இசையையும் மானத்திற்குரிய பொருளாக அக்காலத்தார் எண்ணினர் என்பதும் அதே கல்லிலிருந்து தெரிகின்றது.

இனி வானொலி. சென்னையில் 1938இலும் திருச்சிராப்பள்ளியில் 1939இலும் நிலையங்கள் தோன்றின. கோவைக்கு 1966இல் நிலையம் வந்தது. அதுவரை கொங்கு நாட்டு மேளக்காரருக்குத் திருச்சி நிலையமே எட்டாத குருவின் வீட்டுத் திண்ணை. தைப்பூசத்தில் ஆண்டுக்கொரு முறை கேட்ட வாசிப்பைத் தேநீர்க் கடையின் முன் நின்று அடிக்கடி கேட்கலாயிற்று. இசைத்தட்டு அதற்கும் முன்னரே வந்துவிட்டது. அத்துறையில் நம் கோவைக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. கோயமுத்தூர்த் தாயி அம்மையார் (1872–1917) இந்நூற்றாண்டு அல்ல, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டில் பாடிப் புகழ்பெற்றவர். பிரான்சு நாட்டு இசையாசிரியர் மோரிசு தெலாழ் அவருடைய தட்டுகளைக் கேட்டு வியந்து, அந்தத் தாக்கத்தைத் தம்முடைய பாடல்களிலும் அமைத்தார்.

திரைப்படத்தையும் விட்டுவிடுவதற்கில்லை, பக்தர்கள் அதற்காக முகஞ்சுளிக்க வேண்டா. காருகுறிச்சி அருணாசலம் அவர்கள் (1921–1964) இராஜரத்தினம் பிள்ளையவர்களிடம் சேர்ந்து, அவர் பக்கத்தில் இரண்டாவது நாகசுரமாக அமர்ந்து வாசித்து வளர்ந்தவர். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி அம்மையாரின் குரலோடு அவருடைய நாகசுரம் இழைந்து வரும் முருகன் பாட்டை அறியாதார் இல்லை. அதற்கு இசையமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு அவர்கள் நம் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவில் பல ஆண்டு இருந்து இசையமைத்தவர். அதன்பின் நம் பக்கத்துத் திருமணங்களில் அப்பாட்டை வாசிக்காத மேளக்காரர் அரியர். வாசிக்கச் சொல்லித் தொல்லை செய்யாத மாப்பிள்ளை வீட்டாரும் அரியர்.

இத்தனை ஊற்றுகளும் ஒன்றுகூடி நம் நாட்டிலேயே ஒரு பெருங்கலைஞர் தோன்றினார். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்களைத்தான் சொல்கின்றேன். அவர் பிறந்த ஆண்டு 1924, மறைந்தது 2001இல். அவர் பெயரோடு சேர்ந்துவிட்ட ஊர் இராசிபுரத்திற்கு அணித்தே உள்ளது; முன்பு சேலம் மாவட்டமாக இருந்து 1997 முதல் நாமக்கல் மாவட்டமாயிற்று. தஞ்சைக்கு வெளியே, கொங்கு மண்ணிலிருந்து புறப்பட்டு, பத்மஸ்ரீ முதலிய விருதுகளைப் பெற்றவர். அவருடைய வாசிப்பில் முரட்டுத்தனம் இராது. கனிந்த நாதம், அளவான வேகம், கேட்பவர் யாராயினும் தலையசைக்க வைக்கும் தெளிவு. அவருடைய ஒலிநாடாக்கள் பரவிய காலத்தில் மேளம் அமர்த்த இயலாத ஏழை வீட்டுத் திருமணத்திலும் அவர் வாசித்தார் எனலாம். இன்றும் பல ஊர்க் கோயில்களில் விடியற்காலை ஒலிபெருக்கியில் எழுவது அவருடைய நாதமே. இதில் ஒரு வருத்தமும் கலந்திருக்கின்றது. அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

அதே 1924ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டுக் கரவதியில் இஸ்லாமியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா அவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கோயில்களில் நாகசுரம் வாசித்து வந்த குடும்பம் அது. தஞ்சைப் பாணியின்மேல் கொண்ட காதலால் நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து பயின்று, திருவரங்கத்திலேயே குடியமர்ந்து, 1982இல் சாரதா நாகசுர சங்கீத ஆசிரமத்தையும் நிறுவினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவரை அடைந்தது. மறு ஆண்டில் மறைந்தார். அரங்கன் கோயில் வீதியில் அவர் வாசிக்கக் கேட்டவர்கள் எவரும் அவருடைய சமயத்தைக் கேட்கவில்லை. மேளக்காரர் எந்த வீட்டில் பிறந்தவர் என்று நான் விசாரிக்கச் சொன்னதை யாரேனும் குலம் பார்க்கச் சொன்னதாகக் கொண்டால், அவர்களுக்குச் சின்ன மௌலானா அவர்களின் பெயரே விடை.

தவிலுக்கு வருவோம். நாகசுரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவர். தவிலைப் பற்றிக் காது வலிக்கிறது என்று மட்டும் பேசுவர். பலாமரத்தைக் குடைந்த அவ்வுருளையைத் தோளில் தாங்கி, வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து, ஒரு தேர் நிலைக்கு வரும்வரை வாசிப்பது என்ன உழைப்பு என்பதைத் தேர்வடம் பிடித்தவர்கள் ஒருவாறு அறிவார்கள். இக்கலையின் வலிமை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குப் பழநியே சான்று. பழநி முத்தையா பிள்ளையவர்கள் தவிலிலும் மிருதங்கத்திலும் வல்லவர். அவர் மைந்தர் பழநி சுப்பிரமணிய பிள்ளையவர்கள் (1908–1962) இடக்கை வழக்கமுடைய மிருதங்க மேதை. அவருடைய வாசிப்பில் தவிலின் கனமும் கணக்கும் மறைந்து நின்று ஒலித்தன என்பர் அறிந்தோர். அவரிடம் பயின்ற திருச்சி சங்கரன் அவர்கள் 1971 முதல் கனடா நாட்டில் டொரன்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து வெள்ளைக்கார மாணவர்களுக்குச் சொற்கட்டுக் கற்பித்தார். தண்டபாணியின் அடிவாரத்து முழக்கம் பனி பெய்யும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதுவரை நாகசுரத்தையும் தவிலையும் சொன்னேன். அடியேன் பேச எழுந்ததே எஞ்சிய இருவருக்காகத்தான். ஒத்துக்காரரையும் தாளக்காரரையும் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சம்பாவனை தட்டில் அவர்கள் பங்கு கடைசியில் வரும். நோட்டீசில் அவர்கள் பெயர் வராது. ஒத்து என்பது நாகசுரம் போன்றே தோற்றமுடையது. ஆனால் விரல் துளை கிடையாது. ஆதார சுருதி ஒன்றையே இடைவிடாது ஊதிக்கொண்டிருக்க வேண்டும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றைக் குழலுக்குள் விட்டுக்கொண்டு, ஒரு கணமும் அறாமல் நிற்க வேண்டும். தனக்கென்று கருத்தில்லாமல் பிறர் சொல்வதற்கு ஆமென்பவனை “ஒத்து ஊதுகிறான்” என்று நாம் பழிக்கின்றோம். அத்தொழிலைச் சிறிதும் அறியாமல் எழுந்த பழமொழி அது.

அந்த இருக்கையில் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? பெரும்பாலும் மாணவர். வித்துவானின் தம்பி மகனாகவோ, மருமகனாகவோ, குருகுலத்திற்கு வந்த பிள்ளையாகவோ இருப்பார். பத்துப் பன்னிரண்டு வயதில் கையில் தாளத்தைக் கொடுப்பார்கள். காலப்பிரமாணம் கையில் ஊறும். பின்னர் ஒத்தைக் கொடுப்பார்கள். மூச்சு நீளும், சுருதி செவியில் குடிகொள்ளும். இவ்விரண்டையும் செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் குருவின் அருகே அமர்ந்திருந்தால், திருவனந்தலில் பூபாளமும் பௌளியும், சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை மல்லாரியும், தளிகைக்கு ஒரு மல்லாரி தேருக்கு ஒரு மல்லாரி என்பதும், அர்த்தசாமத்தில் நீலாம்பரியும் எவரும் சொல்லிக்கொடுக்காமலே மனத்தில் படியும். கோயிலில் எந்தக் கதவு திறக்கும்போது எதை வாசிக்க வேண்டும் என்பது ஏட்டில் படித்து வருவதில்லை. பாட்டு வித்துவானின் மாணவர் பின்னால் அமர்ந்து தம்பூரா மீட்டுவதைப் போன்றதே இதுவும். மேளத்திற்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் முதல் வகுப்புப் பலகை ஒத்துக்காரர் இருக்கை.

அந்தப் பலகையைத்தான் நாம் எடுத்துவிட்டோம். சுருதிப் பெட்டி வந்தது. இன்று மின்சாரத்தால் தானே ஒலிப்பதும் வந்துவிட்டது. ஓர் ஆளுக்குச் சம்பளம் மிச்சம் என்று கோயிலாரும் கருதினர், அமர்த்துவோரும் கருதினர். பொறியின் சுருதி பிழையற்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால், அப்பெட்டி பத்து ஆண்டு கழித்து எழுந்து நாகசுரம் வாசிக்கப் போவதில்லை. அதற்கு அடுத்த படியாக, மணியும் முரசும் சேங்கண்டியும் சேர்ந்து அடிக்கும் மின்சார மேளம் மகாமண்டபத்து மூலையில் வந்து நின்றது. தீபாராதனை நேரத்தில் அது எழுப்பும் ஓசையில் ஓதுவாருடைய தேவாரமும் காதில் விழுவதில்லை. விடியலில் நாமகிரிப்பேட்டையாரின் ஒலிநாடாவைப் போட்டுவிட்டு, நம் கோயிலில் நாகசுரச் சேவை நடக்கிறது என்று நாமே நிறைவடைகின்றோம். முன்னே சொன்ன வருத்தம் இதுதான். அவருடைய நாதத்தைப் பேணியது நன்று. அதைக் கேட்டுப் பயிலும் சிறுவனுக்கு அக்கோயிலில் உட்கார இடம் இல்லை.

முன்னோர் இதனை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்போம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் 1014ஆம் ஆண்டையொட்டிப் பொறித்த கல்வெட்டுகள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருப்பதியம் விண்ணப்பிக்கும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் என 50 பேருக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் என்று அவன் நிவந்தம் வைத்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பல ஊர்த் திருக்கோயில்களிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தினான். அவர்களில் ஒவ்வொருவருடைய பெயரும், முன்பு எந்த ஊரில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதும், இப்போது எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. வங்கியம், பாடவியம், வீணை, உடுக்கை முதலியன வாசிப்போரும் அப்பட்டியலில் உள்ளனர். பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவாக ஆண்டுக்கு 100 கலம் நெல்.

இவற்றைவிட அடியேனைக் கவர்ந்தது அடுத்து வரும் ஏற்பாடு. இவர்களில் ஒருவர் இறந்தாலும் வேறிடம் சென்றாலும், அவருக்கு அடுத்த முறைக்கடவார் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். அவர் தகுதியுடையவராக இல்லையெனில், தகுதியுடைய பிறரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும் என்று ஆணை. அப்பேரரசன் விமானத்தின் உயரத்தோடு நிறைவடைந்துவிடவில்லை. தான் கேட்கப் போகாத காலத்து இசைக்கும் ஆள் தேடி வைத்தான். குலத்திற்கு முதல் உரிமை தந்தான். தகுதி இல்லையேல் குலத்தைக் கடக்கவும் வழி வைத்தான்.

இராசராசன் நிலம் கொடுத்தான். நம்மிடம் அத்தனை வேலி இல்லையே என்பீர்கள். உண்மைதான். ஆனால், இன்று பயிற்சிக்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஈரோடு, கருவூர், சேலம் ஆகிய ஊர்களில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் தேவாரமும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. கோவையில் அரசு இசைக் கல்லூரியும் இருக்கின்றது. எந்தக் குலத்துப் பிள்ளையும் அங்கே சேரலாம். பெண் பிள்ளைகளும் சேர்ந்து நன்றாக வாசிக்கின்றார்கள். ஆந்திரத்திலிருந்து வந்து திருவரங்கத்தில் வாழும் ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி மெகபூப் தம்பதியர் இருவரும் நாகசுரத்திற்காக 2020இல் பத்மஸ்ரீ பெற்றதை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் சுரமும் தாளமும் கற்கலாம். சந்நிதியில் ஆறு காலமும் நின்றால் வரக்கூடிய அறிவு பள்ளியில் இல்லை. பள்ளியை முடித்த பிள்ளைக்கு உடனே தலைமை நாகசுரமும் கிடைப்பதில்லை. இடையில் உள்ள அந்த நாலைந்து ஆண்டுகளில்தான் அவன் சீவாளியை உறைக்குள் வைத்துவிட்டுத் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போய்விடுகின்றான். போனவனைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவன் வயிற்றுக்கு நாம் வழி செய்யவில்லை.

ஆகவே, திருப்பணிக் குழுவினருக்கு அடியேனின் விண்ணப்பம் இது. கும்பாபிஷேகத்தன்று பெயர்பெற்ற மேளங்களை அழையுங்கள். கடம் புறப்பாட்டின்போது கேட்கும் மல்லாரி ஊராருக்கு ஓராண்டுக்குப் போதும். அதன்பின் 48 நாள் மண்டலாபிஷேகத்திற்கும் மேளம் அமர்த்தியிருப்பதாகச் சொன்னார்கள், நன்று. நாற்பத்தொன்பதாம் நாள் காலை யார் வாசிப்பார் என்று இன்றே முடிவு செய்ய வேண்டும். நாகசுரம் ஒருவர், தவில் ஒருவர் என நிலையாக இருவரை அமர்த்தவும், அவர்களுடன் ஒத்துக்கும் தாளத்துக்குமாக இசைப்பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கு மாதந்தோறும் உதவித்தொகை தரவும் ஒரு வைப்புநிதி வேண்டும். அந்நிதியின் வட்டி வேறு எதற்கும் செல்லாதபடி எழுதி வைக்க வேண்டும். பிள்ளை பயின்று வேறு கோயிலுக்குப் போனால் அடுத்த பிள்ளையை எவ்வாறு தேர்வது என்பதையும் அப்பத்திரத்திலேயே எழுத வேண்டும். கல்லில் பொறிக்கும் உபயதாரர் பட்டியலுக்குக் கீழே அவ்விருவர் பெயருக்கும் இடம் விட்டு வைத்தால் இன்னும் நன்று.

மின்சார மேளத்தை உபயமாகத் தர முன்வந்துள்ள அன்பரும் இக்கூட்டத்தில் இருக்கின்றார். அவருடைய பக்தியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோயில் ஓசையற்றுக் கிடக்கக்கூடாது என்னும் நல்ல எண்ணத்தால்தான் அவர் அதனைச் சொன்னார். அந்தப் பொறியின் விலையிலேயே நரசிங்கன்பேட்டையில் நல்ல பாரி நாகசுரம் ஒன்றும், இரண்டு தவில்களும் வாங்க முடியுமா என்று அவரே விசாரித்து வரட்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். மகாமண்டபத்தின் தென்மேற்கு மூலையில் அப்பொறிக்கென்று மின்கம்பி இழுத்திருக்கின்றார்கள். அங்கே கம்பிக்குப் பதிலாக ஒரு மரப்பலகை போட வேண்டும். இருவர் அமரும் அளவுக்குப் பலகை போதும்; ஒருவர் கையில் தாளம், ஒருவர் கையில் ஒத்து.